செத்துப்போன சம்பந்தி

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு கடலூரில் எங்கள் வீட்டில் அழைப்பு மணி சத்தம் கேட்டால் யாரும் எழுந்து போய்க் கதவைத் திறக்க மாட்டார்கள். அடித்தது டிவிக்குள்ளே என்று எல்லோருக்கும் தெரியும். சீரியலில் குடும்பமே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏதோ ஒரு விசேஷம் நடத்திக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மணி அடிக்கும். கதவு திறக்கும். முதலில் செருப்புக் கால் தெரியும், அப்புறம் கையிலிருக்கும் பை, கடைசியில்தான் முகம். வந்தவர் யாராக இருந்தாலும் அந்த வீட்டு ரகசியம் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டுதான் வந்திருப்பார். உடனே இடி இடிக்கும். மாமியார் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். யார் கையிலிருந்தாவது ஒரு தட்டு விழும். அதோடு அன்றைய பொழுது முடிந்துவிடும்.

என் அம்மா இதை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். பார்ப்பதோடு நிற்க மாட்டாள், தீர்ப்பும் சொல்வாள். மருமகள் ஏழை என்பதற்காகச் சீரியல் மாமியார் அவளைப் பெற்றவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினால் அம்மாவுக்கு ரத்தம் கொதிக்கும்.

"என்னா திமிரு பாருங்க. பொண்ணு எங்கேர்ந்து வந்தா என்னாவாம்? அவளையும் ஒருத்தி பத்து மாசம் சொமந்துதான பெத்தா? இவளுக்கெல்லாம் நல்ல சாவு வருமா?"

அப்பா ரிமோட்டைப் பிடித்தபடி "ஆமாம்" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதோடு மற்ற எல்லா அபிப்பிராயங்களிலிருந்தும் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவள் வாயைத் திறக்க மாட்டாள். திறக்கவும் முடியாது. ஏனென்றால் எங்கள் வீட்டுச் சட்டப்படி அவளைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் செத்துப்போனவர்கள்.

நிஜத்தில் அவர்கள் செம்மங்குப்பத்தில் இருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் காலையில் நான் போகிற பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகும். செத்துப்போனவர்களில் ஆண்பிள்ளை சில நாள் சாப்பாட்டுத் தூக்கோடு ரோட்டோரம் ஷிப்ட்டுக்கு நடந்து போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்.

கதை இதுதான். அண்ணன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அண்ணி அதே கம்பெனியில் லேப்பில் இருந்தாள். இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். 'காலனி' என்ற சொல்லை அவள் வாயால் சொல்லவில்லை. நாங்கள் படித்த குடும்பம். "அந்தப் பக்கத்துப் பொண்ணு" என்றுதான் சொன்னாள். அதையும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள்.

பெண்ணை வெளியே அனுப்ப முடியாது, அண்ணனின் சம்பளமும் கூடவே வெளியே போய்விடும். ஆனால் உறவுக்காரர்களுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். படுத்திருந்தபடியே சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அங்கிருந்தே வழி கிடைத்தது. அதில் கதாநாயகியைப் பெற்றவர்கள் லாரி மோதிச் செத்திருந்தார்கள். மறுநாள் எழுந்து தலை வாரிக்கொண்டு போனை எடுத்தாள்.

"நம்ம ஜனம்தான், மங்கலம்பேட்டைப் பக்கம். தாய் தகப்பன் இல்லாத பொண்ணு. லாரி அடிச்சு ரெண்டு பேரும் போயிட்டாங்க. நாதியில்லாம கெடந்துது. பையன் எரக்கப்பட்டான், நாங்களும் சரின்னுட்டோம்."

சொந்தபந்தம் முழுக்க அம்மாவைப் பாராட்டியது. உன் மனசு யாருக்கு வரும் என்றார்கள். அம்மா அந்தப் பாராட்டை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டதை நான் கிட்டே இருந்து பார்த்தேன். 

எதற்காக இந்தப் பொய் என்று கேட்டால் எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். தங்கச்சிக்கு ஒரு இடம் அமையட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான் அண்ணன். நான் கேட்கவே இல்லை. எனக்காக இரண்டு பேரைக் கொன்றிருக்கிறார்கள், மாப்பிள்ளைதான் இன்னும் வந்து சேரவில்லை. நானே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று குதித்தபோது என்னைத் தடுத்தது அம்மா இல்லை, அண்ணி. "வேணாம் விடு. கொழந்த பொறந்தா தானா எல்லாம் சரியாயிடும்னு உங்கண்ணன் சொல்றாரு" என்றாள். அவளுக்கு அண்ணன் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அவன்கூடப் பிறந்த அனுபவம் இருந்ததால் அந்த நம்பிக்கை இல்லை.

தன் அம்மாவோடு பேச அவள் மொட்டை மாடிக்குப் போவாள். காய்ந்த துணியை எடுக்கப் போகிறேன் என்பாள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு வருடமும் துணிகள் அடிக்கடி காய்ந்தன.

கர்ப்பம் ஏழு மாதம் தாண்டியதும் வளைகாப்புப் பேச்சு எழுந்தது. ஒன்பதாம் மாதம் செய்யலாம் என்று நாள் குறித்தார்கள். அன்றைக்குத்தான் அண்ணி முதன்முறையாக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டாள். அண்ணனிடம்தான் கேட்டாள், நானும் அங்கே இருந்தேன்.

"மொத வளையல் எங்கம்மா போடணும். வேற எதுவும் நான் இதுவரைக்கும் கேக்கல. இது ஒண்ணுதான்."

அண்ணன் தரையைப் பார்த்தான். இங்கே விசேஷம் முடிந்ததும் செம்மங்குப்பத்துக்கு அழைத்துப்போய் அங்கே தனியாக ஒன்று செய்துவிடலாம் என்றான். "அப்ப அது மொத வளையல் இல்லியே" என்றாள் அண்ணி.  அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அந்த ஆசை மட்டும் அவள் முகத்தைவிட்டுப் போகவில்லை என்பது பார்க்கிற எனக்கே தெரிந்தது.

வளைகாப்புக்குச் சில நாள் முன்னால் சீரியலில் ஒரு அதிசயம் நடந்தது. லாரி மோதிச் செத்த அப்பா சாகவே இல்லையாம். தாடியோடு வந்து வாசலில் நின்று "மகளே" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "பெத்த பாசம் எங்க போவும், கடவுள் இருக்கான் பாரு" என்று அண்ணியிடமே சொன்னாள். சொல்லும்போது ஒரு சின்ன உறுத்தல்கூட அவள் முகத்தில் இல்லை. அண்ணி எழுந்து மாடிக்குப் போனாள். அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது. கொடியில் துணியே இல்லை.

அந்த அழுகை ஓய்வதற்குள் மணி அடித்தது. யாரும் எழவில்லை. மறுபடியும் அடித்தபோதுதான் அது எங்கள் வீட்டு மணி என்று புரிந்தது. வாசலில் பெரியம்மா நின்றாள். அப்பாவின் அண்ணி. சிதம்பரத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருந்தாள். அன்று காலையில்கூட அங்கே கீழவீதியில் என்னைப் பார்த்தவள், வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் அடுத்தவர் வீட்டை ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்பது அவள் கவலை.

பெரியம்மா சாங்கியங்களின் போலீஸ்காரி. சொந்தத்தில் எந்த நல்ல காரியமானாலும் எதில் குறை வைத்தார்கள் என்று கண்டுபிடிக்க முதல் ஆளாக வந்துவிடுவாள். காப்பி குடித்து முடிப்பதற்குள் விசாரணையை ஆரம்பித்தாள்.

"ஆமா, மருமவளப் பெத்தவங்க ரெண்டு பேருமே போயிட்டாங்கன்னியே. யாரு மொதல்ல போனது?"

ஒரு பொய் சொன்னால் அதற்குக் கை கால் எல்லாம் வைத்துத்தான் சொல்ல வேண்டும். அம்மா இதை யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் தான் கொன்றவளுக்கு நல்ல சாவாகக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஏனோ அந்த நேரத்தில் தோன்றிவிட்டது.

"அவ அம்மாதான் மொதல்ல. அங்கயே உசுரு போயிடுச்சி. அப்பா ஆஸ்பத்திரியில போனாரு."

பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி! அப்ப சுமங்கலியால்ல போயிருக்கா? பூவாடைக்காரிடி அவ! அவளுக்குப் படைக்காம எப்பிடிடி பொண்ணு கைல வளையல் ஏத்துவ?"

எங்கள் பக்கத்தில் தாலியோடு செத்த பெண் சாமியாகிவிடுவாள். அவளைப் பூவாடைக்காரி என்போம். வீட்டில் நல்ல காரியம் நடத்தும் முன்பு குடத்துக்குப் பூச்சுற்றி, மஞ்சள் தடவிய புதுப்புடவை சார்த்தி, பலகாரம் வைத்து அவளை அழைத்துப் படைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள் என்று பயம். பொதுவாக அவரவர் வீட்டுப் பெண்களுக்குத்தான் இது. அம்மாவும் அந்தக் கிளையைப் பிடித்துத் தப்பிக்கப் பார்த்தாள். பெரியம்மா விடவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பெற்ற தாய் வந்து பார்க்காமல் இருக்க மாட்டாள், படைக்க வேறு நாதியில்லாதபோது நாம்தான் செய்ய வேண்டும், பிரசவத்தில் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று அடுக்கினாள்.

அந்த இடத்தில் அம்மா உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பா சொல்லியிருக்கலாம். அண்ணன் சொல்லியிருக்கலாம், அவனுக்குத்தான் அது கடமை. அவன் எழுந்து, எந்தக் கடையில் புடவை எடுப்பது என்று கேட்டான். என் அண்ணனின் வாழ்க்கையில் எத்தனையோ கேவலமான கணங்கள் உண்டு. இதுதான் உச்சம்.

வெள்ளிக்கிழமை காலையில் படையல். நடுவீட்டில் கோலம் போட்டுப் பலகை வைத்து, குடத்தில் சரம் சரமாகக் கதம்பம் சுற்றினார்கள். அரக்குச் சிவப்பில் ஒரு புடவை. கொழுக்கட்டை, வடை, பாயசம். பெரியம்மா அண்ணியின் போனை வாங்கி அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாள், சாமி இறங்குகிற நேரத்தில் அது அலறக்கூடாதாம். அண்ணியைக் குடத்துக்கு எதிரே மனையில் உட்கார வைத்தார்கள். அவள் குடத்தைப் பார்க்கவே இல்லை. அவள் கையைப் பிடித்தேன். "நிறுத்தட்டுமா?" என்று காதோடு கேட்டேன். "நாளன்னிக்கு வளைகாப்போட முடிஞ்சிரும்" என்றாள்.

பெரியம்மா முதலில் விழுந்து கும்பிட்டாள். சாதாரணக் கும்பிடு இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, நெற்றி தரையில் படக் கிடந்து, "தாயே, குத்தம் குறை எதுனா இருந்தா பொறுத்துக்க, உம் பொண்ணக் காப்பாத்து" என்று கண்ணீர் விட்டாள். குடத்தடிக் குங்குமத்தை எடுத்து நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டாள். அம்மாவும் வேறு வழியில்லாமல் விழுந்தாள்.

அப்போதுதான் மணி அடித்தது. டிவி அணைந்திருந்தது.

நான் கதவைத் திறந்தேன். அண்ணியின் அம்மா நின்றார். காலையிலிருந்து மகள் போன் எடுக்கவில்லை. முந்தின நாள் பேசும்போது குரல் சரியில்லை. இடுப்பு வலி கண்டுவிட்டதோ என்று வீட்டுப்புடவையோடு ஆட்டோ ஏறி வந்துவிட்டார். கையில் பைகூட இல்லை. எங்கள் வீட்டு வாசலில் அவர் நின்றது அதுதான் முதல் தடவை.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லியே?" என்றார். என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். என்ன நினைத்தாரோ, செருப்பைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"யாரும்மா நீங்க?" என்றாள் பெரியம்மா.

அம்மா முந்திக்கொண்டாள். "மருமவளோட சித்தி."

இந்தத் திறமையை என்னவென்று சொல்வது! சீரியலில் இந்த இடத்தில் தட்டு விழும். எங்கள் வீட்டில் ஒரு கரண்டிகூட விழவில்லை. பெரியம்மா பூரித்துப்போனாள். "வாங்க வாங்க, சாமியே அனுப்பின மாதிரி வந்துட்டீங்க. ஒங்க அக்காவுக்குத்தான் படையல் நடக்குது. கூடப்பொறந்தவ கையால கற்பூரம் காட்டினா அவ மனசு குளுந்துரும்."

அண்ணியின் அம்மா குடத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஆமாங்க, சித்திதான்" என்றார். தட்டைக் கையில் வாங்கினார். மகள் வாழ்கிற வீடு, அதற்காகத் தனக்குத் தானே கற்பூரம் காட்டவும் அந்த மனுஷி தயாராக இருந்தார்.

"அம்மா, அதக் கீழ வை."

அண்ணிதான். சத்தமே போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

என் அம்மா அப்போதும் தளரவில்லை. "சித்தியத்தான் அம்மான்னு கூப்புடும், சின்னதுலேர்ந்து பழக்கம்" என்றாள்.

அண்ணி தரையில் கையூன்றி எழுந்தாள். நிமிர்ந்து நிற்கவே அவளுக்குச் சிரமமாக இருந்தது. "இவங்க சித்தி இல்ல. என்னப் பெத்தவங்க. சாவல. எங்கப்பாவும் சாவல, வேலைக்குப் போயிருக்காரு. நாங்க மங்கலம்பேட்டையும் இல்ல, செம்மங்குப்பம்."

அப்பா தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த பேனைப் பார்த்தார். அண்ணன் அண்ணியின் பேரை மெதுவாகச் சொன்னான், அதட்டுவதுபோலவும் கெஞ்சுவதுபோலவும். யாரும் அவனைப் பொருட்படுத்தவில்லை.

பெரியம்மா அண்ணியின் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. உயிரோடிருப்பவளுக்கு ஏன் படைத்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"செம்மங்குப்பத்துல எந்தப் பக்கம்?"

அண்ணியின் அம்மாதான் பதில் சொன்னார். "காலனிங்க."

பெரியம்மாவின் கை தானாக நெற்றிக்குப் போனது. குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். பொட்டு போய்ச் சிவப்பாக ஒரு தடம் நெற்றியில் இழுபட்டு நின்றது. செத்தவளாக இருந்தவரை தெய்வம். உயிரோடு வந்து நின்றதும் தொட்ட குங்குமம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் இந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சோறெல்லாம் கசந்தது.

அண்ணி அலமாரியைத் திறந்து போனை எடுத்துக்கொண்டாள். "வாம்மா, போலாம்" என்றாள்.

அம்மா வாசல்வரை ஓடினாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று ஒரு கணம் ஏமாந்தேன். "நாளன்னிக்கு வளைகாப்பு, அத்தன பேரையும் கூப்புட்டாச்சி, அது முடிஞ்சதும் போயேன்" என்றாள். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோ கிளம்பிய பிறகுதான் அண்ணனுக்குக் கால் வந்தது. அவளுடைய மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு பைக்கில் பின்னாலேயே போனான். அவன் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது.

அழைத்திருந்தவர்களுக்கு அம்மா தானே போன் செய்தாள். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டாராம், அதனால் வளைகாப்பு இல்லையாம். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருக்கா" என்றாள். செத்தவர்கள் வீட்டுக்கு எப்படிப் பிரசவத்துக்குப் போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. இதிலிருந்து எனக்குத் தெரிந்தது, ஊரில் பாதிப் பேருக்கு முதலிலேயே விஷயம் தெரியும் என்பதுதான். அவர்களும் எங்களைப் போலவே நாசூக்கானவர்கள்.

பெரியம்மா மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் என்னை மடக்கினாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "நான் விழுந்து கும்புட்டத மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றாள். இனிமேல் பார்க்கிற எல்லோரிடமும் சொல்வேன் பெரியம்மா என்றேன். சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

செம்மங்குப்பத்தில் அடுத்த வாரமே அண்ணிக்கு வளைகாப்பு நடந்தது. முதல் வளையல் யார் போட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து நானும் அண்ணனும்தான் போயிருந்தோம். பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் இப்போது அங்கிருந்தே வேலைக்குப் போகிறான். அம்மா இதுவரை குழந்தையைப் பார்க்கவில்லை. சீரியலில் யாருக்காவது பேத்தி பிறந்தால் மட்டும் கண் கலங்குகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா குழந்தையைப் பார்க்க வந்தார். நான் நாத்தனார் என்று தெரிந்ததும் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டே கேட்டார். "ஆமா, புள்ளையோட அப்பாவப் பெத்த ஆயா வரவே இல்லியே? அவுங்க இருக்காங்களா, இல்லியா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அப்படிச் சொல்ல உலகத்திலேயே ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது.

அண்ணியின் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, நல்லா இருக்காங்க. அவுங்களுக்கு முட்டிவலி ஜாஸ்தி, பஸ் ஏற முடியல. தெனம் போன் பண்ணி பேத்தி என்னா பண்ணுது, பால் குடிச்சிச்சான்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

என் அம்மாவுக்கு முட்டிவலி கிடையாது. அந்த வீட்டுக்கு ஒரு நாளும் அவள் போன் செய்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார். வெட்கத்தில் காது எரிந்தது. ஆமாம், தினமும் கேட்பார்கள் என்று நானும் சொன்னேன்.